தோற்றவருக்கு ஒரு மறு ஆட்டம்

அமெரிக்கக் கல்லூரிப் பெண்களின் கூடைப்பந்தைப் பற்றி நம் சங்க இதழில் எழுத என்ன இருக்கிறது என்று சில அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தண்டவாளமும் கால அட்டவணையுமாக முப்பத்தைந்து வருடம் ரயில்வேயில் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்ற டிப்ளமா இன்ஜினீயர் நான். விளையாட்டு விமர்சகன் அல்ல. ஆனால் சில வருடங்களாக, பிப்ரவரி மாதம் வந்தால் அதிகாலை ஐந்தரை மணிக்கு அந்த ஆட்டங்களைப் பார்க்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. அமெரிக்கக் கிழக்குக் கரையில் அப்போது முதல் நாள் மாலை ஏழு மணி. பார்க்கப் பார்க்க, ஜெயிப்பவர்களைக் கொண்டாடும் விதத்தைவிட, தோற்றவர்களை அவர்கள் நடத்தும் விதம்தான் என் மனதில் பதிந்தது. நம் வீட்டுப் பெண் பிள்ளைகளுக்கு அதில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது என்பது என் கருத்து.

முதலில் அங்குள்ள ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். கான்பரன்ஸ் என்றதும் கருத்தரங்கு என்று நினைத்துவிட வேண்டாம். எட்டு, பத்து, பதினெட்டு என்று சில பல்கலைக்கழகங்கள் சேர்ந்து அமைத்துக்கொண்ட விளையாட்டுக் கூட்டமைப்புக்கு அந்தப் பெயர். முதல் தரப் பிரிவில் மட்டும் 350-க்கு மேற்பட்ட கல்லூரிகள் உண்டு. நவம்பரில் சீசன் ஆரம்பம். முதல் இரண்டு மாதம் யாரோடு வேண்டுமானாலும் ஆடிக்கொள்வார்கள். ஜனவரி, பிப்ரவரி முழுவதும் பெரும்பாலும் தங்கள் கூட்டமைப்புக்குள்ளேயே லீக் ஆட்டம். மார்ச் முதல் வாரங்களில் கூட்டமைப்புக்குள் ஒரு நாக்-அவுட் கோப்பை. அதில் வென்ற அணிக்குத் தேசியப் போட்டியில் இடம் நிச்சயம். 2025-இல் தேசியப் போட்டியில் ஆடிய 68 அணிகளில் 31 அணிகள் அப்படி வந்தவை. மீதி 37 அணிகளை, சீசன் முழுவதும் ஆடிய ஆட்டத்தை எடைபோட்டு ஒரு குழு தேர்ந்தெடுத்தது.

இந்தக் கடைசிக் கட்ட லீக் ஆட்டங்களில்தான் சுவை இருக்கிறது. ஏனென்றால் பல கூட்டமைப்புகளில் இது இரண்டாவது சந்திப்பு. ஜனவரியில் நம் அரங்கில் வந்து ஆடியவர்களின் அரங்குக்குப் பிப்ரவரியில் நாம் போக வேண்டும். எதிராளியின் பலம் தெரியும், பலவீனமும் தெரியும். நம்முடையதும் அவர்களுக்குத் தெரியும். போன முறை எந்தப் பெண் நம் ஆட்டக்காரியைப் பந்தைத் தொடவிடாமல் மறித்தாளோ, அவளைத் தாண்டுவதற்கு ஒரு மாதப் பயிற்சி நடந்திருக்கும். ஆகவே மறு ஆட்டம் என்பது வெறும் இன்னொரு ஆட்டம் அல்ல. அது பாடம் படித்துவிட்டு எழுதும் பரீட்சை.

இதில் எனக்குப் பிடித்தது ஐவி லீக். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா முதலான எட்டுப் பல்கலைக்கழகங்கள். ஒவ்வொரு அணியும் மற்ற ஏழு அணிகளோடு சொந்த ஊரில் ஒன்று, வெளியூரில் ஒன்று என 14 ஆட்டம் ஆடும். கால அட்டவணையோடு வாழ்ந்தவன் என்பதால் அவர்கள் பல வருடம் கையாண்ட பயண முறையை நான் ரசித்தேன். எட்டு அணிகளை நான்கு ஜோடிகளாகப் பிரித்துவிடுவார்கள். கொலம்பியாவும் கார்னெல்லும் ஒரு ஜோடி. ஹார்வர்டும் டார்ட்மத்தும் ஒரு ஜோடி. வெளியூர் அணி வெள்ளி இரவு ஓரிடத்தில் ஆடிவிட்டு, சனி இரவு அதன் ஜோடியிடம் ஆடும். திங்கள் காலையில் வகுப்பில் உட்கார்ந்திருக்கும். நம் ரயில்வேயில் ரேக்குகளுக்கு லிங்க் போடுகிற மாதிரிதான். ஒரு நடைக்கு இரண்டு வேலை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டு அணிகளை நாக்-அவுட் முறையில் ஆடவிட்டால் மொத்தம் ஏழே ஆட்டத்தில் விஷயம் முடிந்துவிடும். நான்கு அணிகள் ஒரே ஆட்டத்தோடு வீட்டுக்குப் போய்விடும். அதே எட்டு அணிகளை ஐவி லீக் மாதிரி ஆடவிட்டால் 56 ஆட்டம். கடைசி இடத்தில் இருக்கும் அணியும் 14 முறை களம் இறங்கும். 2017 முதல் அங்கும் ஒரு கோப்பைப் போட்டி வைக்கிறார்கள். ஆனால் லீகில் முதல் நான்கு இடம் பிடித்தவர்களுக்கு மட்டுமே அதில் அனுமதி. அதனால் கடைசி வாரங்களில் நான்காவது இடத்துக்கு நடக்கும் மல்லுக்கட்டு, முதல் இடத்துக்கான போட்டிக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல.

கொலம்பியா பெண்கள் நெடுங்காலம் அட்டவணையின் அடிவாரத்தில் கிடந்த அணி. 2023-இல் பிரின்ஸ்டனோடு பகிர்ந்துகொண்டு முதன்முதலாகப் பட்டம் பெற்றார்கள். 2025-இல் தனியாகவே முதலிடம். அந்த வருடம் கோப்பைப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் ஹார்வர்டிடம் தோற்றபோதும் அவர்களுக்குத் தேசியப் போட்டியில் இடம் கிடைத்தது. ஒரு நாள் தோல்வி, ஒரு சீசன் உழைப்பை அழித்துவிடவில்லை.

பெரிய அணிகளின் கதையும் இதையே சொல்கிறது. கனெக்டிகட் பல்கலைக்கழகப் பெண்கள் அணி 2013 மார்ச்சுக்குப் பிறகு கூட்டமைப்பு ஆட்டங்களில் தோற்றதே இல்லை. இடையில் வேறு கூட்டமைப்புக்கு மாறி, மீண்டும் பழைய இடத்துக்கே திரும்பி, தொடர்ந்து 169 வெற்றி. 2022 பிப்ரவரி 9 அன்று ஹார்ட்ஃபோர்டில், தங்கள் ரசிகர்கள் முன்னாலேயே, வில்லனோவா அணியிடம் 72–69 என்று தோற்றார்கள். அடுத்த மாதம் கூட்டமைப்புக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் அதே இரண்டு அணிகள். இம்முறை கனெக்டிகட் 70–40 என்று வென்றது. பிப்ரவரி தோல்வி அவர்களுக்கு எதையோ கற்றுக்கொடுத்திருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

2025-இல் நடந்தது இன்னும் சுவாரசியம். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் யூ.சி.எல்.ஏ., யூ.எஸ்.சி. என்று இரண்டு பெரிய பல்கலைக்கழகங்கள். பிப்ரவரி 13 வரை யூ.சி.எல்.ஏ. அணி அந்த சீசனில் 23 ஆட்டம் ஆடி அனைத்திலும் வெற்றி. அன்று யூ.எஸ்.சி.யின் ஜூஜூ வாட்கின்ஸ் ஒருத்தியே 38 பாயின்ட் எடுக்க, 71–60 என்று முதல் தோல்வி. மார்ச் 1, லீகின் கடைசி ஆட்டம், அதே எதிரி. இம்முறை யூ.சி.எல்.ஏ.யின் சொந்த அரங்கில் 80–67 என்று மறுபடி தோல்வி. லீக் பட்டமும் போயிற்று. எட்டு நாள் கழித்துக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் மூன்றாவது முறையாக அதே இரண்டு அணிகள். யூ.சி.எல்.ஏ. 72–67 என்று வென்றது. அதற்குப் பிறகு தேசியப் போட்டியில் அரையிறுதி வரை போனது. இரண்டு முறை அடிபட்ட பெண்கள் மூன்றாவது முறை தலைநிமிர்ந்தார்கள். முதல் தோல்வியோடு வீட்டுக்கு அனுப்பியிருந்தால் இந்தப் பெண்களுக்குத் தங்கள் முழு பலம் தெரிந்திருக்குமா?

அங்கேயும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். டெலிவிஷன் பணத்துக்காக 2024-இல் கூட்டமைப்புகளைக் கலைத்துப் போட்டுவிட்டார்கள். பசிபிக் கரையில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டு, அட்லாண்டிக் கரையின் பெயரைத் தாங்கிய கூட்டமைப்பில் சேர்ந்தது. நம் லாஸ் ஏஞ்சல்ஸ் அணிகள் இரண்டும் பதினெட்டு அணிகள் கொண்ட பிக் டென் கூட்டமைப்பில் சேர்ந்தன. பெயர்தான் டென்! 2025 சீசனில் அங்கே ஒவ்வொரு அணிக்கும் 18 லீக் ஆட்டம், 17 எதிரிகள். அதாவது மறு ஆட்டம் ஒரே ஓர் எதிரியோடுதான். படிக்கிற பெண்கள் ஒரு லீக் ஆட்டத்துக்காகக் கண்டத்தையே கடந்து பறக்க வேண்டியிருக்கிறது. அந்த வருடம் எல்லோரும் பேசிய ஆட்டங்களோ, ஒரே ஊர்க்காரர்கள் திரும்பத் திரும்ப மோதிய ஆட்டங்கள்தான். பக்கத்து ஊர் எதிரியோடு வருடா வருடம் இரண்டு முறை மோதுவதில் இருக்கும் அர்த்தம், தூர தேசத்து எதிரியோடு ஒருமுறை ஆடுவதில் வராது. கையிலிருந்த நல்ல ஏற்பாட்டைக் காசுக்காகக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதெல்லாம் அங்கே பெண்களுக்குச் சும்மா வந்துவிடவில்லை. 1896 ஏப்ரலில் ஸ்டான்ஃபோர்டு பெண்களும் கலிபோர்னியா பல்கலைக்கழகப் பெண்களும் முதன்முதலாகக் கல்லூரிகளுக்கிடையே ஆடியபோது, ஆண்கள் பார்க்க அனுமதி இல்லை. ஸ்டான்ஃபோர்டு 2–1 என்று வென்றது. 1972-இல் கல்வியில் ஆண்-பெண் பாகுபாடு கூடாது என்று ஒரு சட்டம் வந்தது. அதன் மூல வாசகத்தில் விளையாட்டு என்ற சொல்லே கிடையாது. ஆனாலும் அரசாங்கப் பணம் பெறும் கல்லூரிகள் பெண்களின் அணிகளுக்கும் இடம், பயிற்சியாளர், பயணச் செலவு தரவேண்டிய கட்டாயம் அதிலிருந்துதான் பிறந்தது. 2024-இல் பெண்கள் தேசிய இறுதி ஆட்டத்தை அமெரிக்காவில் சராசரியாக 1 கோடியே 89 லட்சம் பேர் டி.வி.யில் பார்த்தார்கள். அதே வருடம் ஆண்கள் இறுதி ஆட்டத்தைப் பார்த்தவர்களைவிட இது அதிகம். ஐம்பது வருடத்தில் நடந்த மாற்றம் இது.

இனி நம் பக்கம் வருவோம். இங்கே பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிகள் மண்டல வாரியாக நடக்கின்றன. பெரும்பகுதி நாக்-அவுட். மிஞ்சும் சில அணிகளுக்குத்தான் லீக். இரண்டு நாள் ரயிலில் போய், முதல் ஆட்டத்தில் தோற்றால், மறுநாளே ரயிலேறித் திரும்ப வேண்டியதுதான். பள்ளிகளுக்கிடையிலான போட்டிகளிலும் பெரும்பாலும் இதே கதை. பத்து மாதம் காலையில் எழுந்து ஓடிய பெண்ணுக்கு வருடத்தில் ஒன்றோ இரண்டோ ஆட்டம். அதில் தோற்றால் "உனக்கு இதெல்லாம் வராது" என்று வீட்டிலும் சொல்லிவிடுகிறோம்.

"பத்தாவது வந்தாச்சு, பந்தைத் தூக்கிப் பரண்மேல போடு" என்பது நம் வீடுகளில் சாதாரணமாகக் கேட்கும் வசனம். பிப்ரவரி, மார்ச் மாதங்கள் இங்கே பரீட்சைக் காலம். அங்கே அதுதான் ஆட்டத்தின் உச்ச காலம். அங்கும் பாடத்தில் குறைந்தபட்சத் தேர்ச்சி இல்லாதவர் களத்தில் இறங்க முடியாது. "அங்கே ஸ்காலர்ஷிப் கிடைக்கிறது, அதனால் ஆடுகிறார்கள்" என்று ஒரு பதில் வரும். நான் சொன்ன ஐவி லீகில் விளையாட்டுக்காக ஒரு டாலர்கூட ஸ்காலர்ஷிப் கிடையாது. உலகிலேயே கடினமான படிப்புகளில் சிலவற்றைப் படித்துக்கொண்டுதான் அந்தப் பெண்கள் வெள்ளியும் சனியும் ஆடுகிறார்கள்.

விளையாட்டால் வாழ்க்கை அமையுமா என்று கேட்பவர்களுக்கு நம் ரயில்வேயைக் காட்டுவேன். தேசிய சீனியர் கூடைப்பந்தில் பெண்கள் பட்டத்தை இந்திய ரயில்வே அணி பலமுறை வென்றிருக்கிறது. இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய சென்னை வீராங்கனை அனிதா பால்துரை தென்னக ரயில்வேயைச் சேர்ந்தவர். 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் எல்லாப் பெண்ணும் அனிதா ஆக வேண்டியதில்லை. தோற்ற மறுநாள் மீண்டும் பயிற்சிக்குப் போகத் தெரிந்த பெண், நாளை வேலையிலும் குடும்பத்திலும் ஓர் அடி விழுந்தால் உட்கார்ந்துவிட மாட்டாள். ஊர் விட்டு ஊர் வந்து, பாஷை தெரியாத இடத்தில் வேர்விட்ட நமக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. முதல் வருடம் பட்ட பாட்டோடு திரும்பிப் போயிருந்தால் நம்மில் எத்தனை பேர் இன்று இங்கே இருப்போம்?

ஆகவே நம் சங்கத்துக்கு ஒரு யோசனை. ஆண்டு விழாவில் பெண் குழந்தைகளுக்கு லெமன்-ஸ்பூனும் மியூசிக்கல் சேரும் வைத்துப் பரிசு கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். நகரத்தில் நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளிலிருந்தும் ரயில்வே காலனியிலிருந்தும் நான்கு பெண்கள் அணிகளைத் திரட்டினால் போதும். ஒவ்வோர் அணியும் மற்ற மூன்றோடும் தலா இரண்டு முறை, அவரவர் மைதானத்தில் ஒன்று வீதம் ஆடட்டும். மொத்தம் 12 ஆட்டம். சனிக்கிழமைக்கு இரண்டு ஆட்டம் என்றால் ஆறு வாரம். ஆகஸ்டில் ஆரம்பித்தால் நவராத்திரிக்கு முன்பு முடிந்துவிடும், பரீட்சைக்கும் பாதகமில்லை. செலவு என்று பார்த்தால் இரண்டு பந்து, நடுவருக்கு ஒரு தொகை, பிள்ளைகளுக்கு மோரும் வாழைப்பழமும்.

கால அட்டவணை போட்டுத் தருவது என் பொறுப்பு. அந்த வேலை எனக்கு இன்னும் மறந்துபோகவில்லை. கடைசி இடத்தில் இருக்கும் அணியின் ஆறாவது ஆட்டத்துக்கும் கைதட்டப் பெற்றோர்கள் வரவேண்டும். அதற்கு மட்டும் நிர்வாகிகளும் அன்பர்களும் வாக்குக் கொடுத்தால் போதும்.