எந்த நாய்க்குத் தேவை பூஸ்டர்?

வளர்ந்த நாய்க்கு ஆண்டுதோறும் எல்லாத் தடுப்பூசிகளையும் மறுபடி (பூஸ்டர்) போட வேண்டுமா என்று நாய் வளர்ப்பவர்கள் கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் ஒரே தடுப்பூசி அட்டையில், ஒரே நாளில் பதியப்பட்டாலும் இவை வெவ்வேறு நோய்களுக்கான ஊசிகள். தரும் பாதுகாப்பின் காலமும் வேறு வேறு. பார்வோ, டிஸ்டெம்பர், வைரஸால் வரும் கல்லீரல் அழற்சி ஆகிய மூன்றுக்கும் வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸைத்தான் போடுகிறார்கள். குட்டிப் பருவத்தில் முறையாகப் போட்டுவிட்டால் அந்தப் பாதுகாப்பு பல ஆண்டுகள் நிற்கும். வளர்ந்த நாய்க்கு இவற்றை மூன்றாண்டுக்கு ஒருமுறை போட்டால் போதும் என்று அமெரிக்கக் கால்நடை மருத்துவமனைகளின் சங்கம் 2003இலேயே பரிந்துரைத்தது. சிறு விலங்கு மருத்துவர்களின் உலகச் சங்கம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இவற்றை அதைவிட அடிக்கடி போடத் தேவையில்லை என்கிறது. எலிக்காய்ச்சல் ஊசி அப்படியல்ல. அது பாக்டீரியாவுக்கு எதிரானது; ஓராண்டுக்கு மேல் அதை நம்பியிருக்க முடியாது. மழை பெய்தால் சாக்கடை தெருவுக்கு வரும் ஊர்களில் அதை ஆண்டுதோறும் போடுவதே சரி.

எனவே எல்லாவற்றையும் ஆண்டுக்கொரு முறை போடும் வழக்கத்தைக் கேள்வி கேட்பவர்கள் பக்கம் ஓரளவு உண்மை இருக்கிறது. அதிலிருந்து ‘ஊசியே ஆபத்து’ என்ற முடிவுக்குத் தாவுவதைத்தான் ஏற்க முடியாது. அமெரிக்காவில் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களின் பதிவுகளை ஆராய்ந்து 2005இல் வெளியான ஆய்வில், ஊசி போட்ட மூன்று நாட்களுக்குள் பக்கவிளைவு கண்டவை பத்தாயிரத்துக்கு ஏறத்தாழ 38 மட்டுமே. சிறிய இன நாய்களுக்கு ஒரே நாளில் பல ஊசிகள் போடும்போது இந்த வாய்ப்பு கூடியது. அதற்கு வழி, மருத்துவரிடம் சொல்லி ஊசிகளை வெவ்வேறு நாட்களில் போட்டுக்கொள்வது. பெரும் தவறு நடப்பது குட்டிகள் விஷயத்தில். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடலில் இருக்கும்வரை ஊசி மருந்து வேலை செய்யாமல் போகலாம். அது எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, பதினாறு வாரம் கடக்கும்வரை திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள். ஒரே ஊசியோடு நிறுத்திவிட்டுப் பார்வோவுக்குக் குட்டியைப் பறிகொடுத்தவர்கள் ஊசியைக் குறை சொல்வதில் பொருளில்லை.

ரேபிஸ் வேறு கணக்கு. மூன்றாண்டுப் பாதுகாப்பு தரும் ரேபிஸ் ஊசிகள் பல நாடுகளில் அனுமதிக்கப்பட்டிருக்கின்றன. அந்த நாடுகள் பலவற்றில் நாய்களிடம் இந்த நோய் ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. தமிழகத்திலோ 2024இல் மட்டும் 4.8 லட்சம் பேர் நாய்க்கடிக்கு ஆளானார்கள்; 43 பேர் ரேபிஸால் இறந்தார்கள். அறிகுறி தெரிந்த பிறகு பிழைக்க ஏறக்குறைய வழியே இல்லாத நோய் இது. முதல் ஊசியின் பலன் ஓராண்டுக்குள் சில நாய்களிடம் குறைந்துவிடுவதும் உண்டு. இந்த நிலையில் ரேபிஸ் பூஸ்டரை ஆண்டுதோறும் போடுவதை மிகை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

திண்டுக்கல்லைப் பொறுத்தவரை என் கவலை இதைவிடப் பெரியது. பூஸ்டர் கூடுதலோ என்று நாம் விவாதிப்பதெல்லாம் ஏற்கெனவே அட்டை வைத்திருக்கும் வீட்டு நாய்களைப் பற்றி. தெருநாய்க்குப் பெரும்பாலும் கருத்தடையின்போது போடும் ஒரே ரேபிஸ் ஊசிதான்; காதில் அடையாள வெட்டோடு விட்ட பிறகு அடுத்த ஆண்டு அதைத் தேடி யாரும் வருவதில்லை. சிறுமலை அடிவாரத் தோட்டங்களின் காவல் நாய்க்கும், வேடசந்தூர்ப் பக்கம் ஆட்டுக் கிடையோடு நடக்கும் நாய்க்கும் அந்த ஒன்றுகூடக் கிடைப்பது அரிது. ஓர் ஊரின் நாய்களில் எழுபது சதவீதத்துக்காவது பாதுகாப்பு இருந்தால்தான் நோய்ச் சங்கிலி அறும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். நூறு நாயில் எழுபதுக்கு ஊசி போட்டுவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். ஓராண்டில் மூன்றில் ஒன்று செத்து, அந்த இடங்களில் புதுக் குட்டிகள் வந்தால், ஊசி போட்டவை 47தான் மிஞ்சும். மருந்து மூன்றாண்டு நின்றாலும் நாய் நிற்பதில்லை. ஆகவே தெருவில் ஆண்டுதோறும் ஊசி போட வேண்டியிருப்பது மருந்து வலுவிழப்பதால் மட்டுமல்ல, நாய்க் கூட்டமே மாறிவிடுவதால்.

நாய்களைப் பிடித்து ஊருக்கு வெளியே விட்டுவிட்டால் இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பவர்கள் நிறைய. கடிபட்ட குழந்தையின் பெற்றோர் அப்படிக் கேட்கும்போது அந்தக் கோபத்தை யாரும் அலட்சியப்படுத்தக் கூடாது. ஆனால் இறைச்சிக் கழிவும் உணவுக் கழிவும் தெருவில் கிடக்கும்வரை, காலியான இடத்துக்கு அடுத்த தெரு நாய் வரும். ஊசி போட்டது போய், போடாதது வந்து நிற்கும். பிரியாணிக்குப் பெயர் பெற்ற ஊர் இதை மறக்கக் கூடாது. டெல்லித் தெருநாய் வழக்கில் நாய்களைக் காப்பகத்தில் அடைக்க 2025 ஆகஸ்ட் 11 அன்று உத்தரவிட்ட உச்ச நீதிமன்றமும் அதே மாதம் 22 அன்று அதைத் திருத்தியது: ரேபிஸ் பாதித்தவையும் மூர்க்கமானவையும் தவிர, மற்றவற்றுக்குக் கருத்தடை செய்து, ஊசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. ஆண்டுதோறும் தெருநாய்க்கு ஊசி போடுவது நடக்காது என்பவர்களுக்குக் கோவா விடை சொல்லும். அங்கே ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு லட்சம் நாய்களைத் தேடிப்போய் ஊசி போட்டு, சாயத்தால் அடையாளமிட்டார்கள். நாய்களிடையே மாதாந்திர ரேபிஸ் பாதிப்பு 92 சதவீதம் குறைந்தது. 2018 முதல் மூன்றாண்டுகள் மனித ரேபிஸ் மரணம் ஒன்றும் பதிவாகவில்லை.

திண்டுக்கல் மாநகராட்சியின் 48 வார்டுகளிலும் இதைச் செய்ய முடியும். கருத்தடைக்கு ஒதுக்கும் நிதியில் தொங்கவிடாமல், ஆண்டு ஊசிக்கெனத் தனித் தொகை வேண்டும்; அதே மாதத்தில் சுற்றியுள்ள ஊராட்சிகளிலும் போட வேண்டும். நாய் வளர்ப்பவர்கள் இன்றே அட்டையை எடுத்து ரேபிஸ் ஊசியின் தேதியைப் பாருங்கள். ஓராண்டு கடந்திருந்தால், விலங்குவழி நோய் தினமான ஜூலை 6, ரேபிஸ் தினமான செப்டம்பர் 28 ஆகிய நாட்களை ஒட்டி நடக்கும் இலவச முகாம்களுக்குக் காத்திருக்காமல், பக்கத்திலுள்ள கால்நடை மருந்தகத்துக்கு இந்த வாரமே கூட்டிச் செல்லுங்கள். உங்கள் வாசலில் சோறு தின்னும் தெருநாயையும் சேர்த்து.