துருவ ஒளி காணப் புறப்படுவோர்க்கு

பணியினின்று அண்மையில் ஓய்வு பெற்ற நம் சங்க அன்பர் ஒருவர், துணைவியாருடன் வடதுருவ ஒளியைக் காணச் செல்லக் கருதி, பயண நிறுவனம் ஒன்று வகுத்த திட்டத்தை நம்மிடம் காட்டினார். பத்து நாளில் நான்கு தலைநகரங்கள். நடுவே, நார்வே நாட்டின் டிராம்ஸோ நகரில் டிசம்பர் மாதத்து இரவுகள் இரண்டே இரண்டு. அவர்களுடைய பல்லாண்டுச் சேமிப்பு அத்தாளில் அடங்கியிருந்தது.

இரண்டு இரவு போதாது என்பதே நம் கருத்து. சூரியனினின்று வரும் மின்துகள்கள் காற்று மண்டலத்தில் மோதி ஒளி எழுப்புவது நூறு கிலோமீட்டர் உயரத்திலும் அதற்கு மேலும் ஆகும். மேகமோ மிகத் தாழ நிற்பது. வானம் மூடிய இரவில், மேலே எத்துணைக் கோலாகலம் நிகழினும் நமக்குப் பயனில்லை. டிராம்ஸோ கடற்கரை ஊராதலால் குளிர் சற்றுக் குறைவு, மூட்டமோ மிகுதி. ஸ்வீடன் நாட்டின் அபிஸ்கோ என்னும் சிற்றூர், மேற்குக் கடற்காற்றின் ஈரத்தை மலைகள் தடுத்துவிடுவதால் தெளிந்த வானத்திற்குப் பெயர் பெற்றது. ஸ்டாக்ஹோமிலிருந்து இரவு ரயிலிலேயே சென்றுவிடலாம். குளிர் அங்குக் கடுமை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆங்கு ஐந்து இரவேனும் ஒரே விடுதியில் தங்குமாறும், மார்ச் மாத முற்பகுதியைத் தேர்ந்துகொள்ளுமாறும் கூறினோம். டிராம்ஸோவில் நவம்பர் இறுதி முதல் ஜனவரி நடு வரை சூரியன் உதிப்பதே இல்லை. மார்ச்சில் பனியும் உண்டு, பகலும் உண்டு. சம இரவு நாளை ஒட்டி ஒளித்தோற்றம் மிகுவதும் உண்டு. அம்மையாருக்கு முழங்கால் வலியாதலின், உறைபனியில் வழுக்காதிருக்கக் காலணியின் அடியில் மாட்டும் முட்பட்டைகளை மறக்கலாகாது.

நிழற்படத்துப் பச்சையை நம்பிச் செல்வோர் ஏமாறக்கூடும். மெல்லிய ஒளி கண்ணுக்கு வெண்புகை போலவே தோன்றும். வலுத்த வேளையில்தான் நிறம் புலப்படும்.

“2024 மே மாதம் லடாக்கின் ஹான்லேயிலேயே செவ்வொளி தோன்றிற்றே?” என்றார் அன்பர். அது பெருஞ் சூரியப் புயலின் விளைவு. நாள் குறித்துச் சென்று காணத்தக்கதன்று.

“ஐந்து இரவும் மேகம் மூடினால்?” என்று அம்மையார் வினவினார். மூடவும் கூடும் என்றே விடையிறுத்தோம். அவர் சற்று நேரம் எண்ணியிருந்துவிட்டு, பென்சிலை வாங்கித் தலைநகரங்களுள் மூன்றைத் தாமே அடித்தார்.