எளியோர் எழுதிய வரலாறு

அரசர் செயல்களே வரலாறு எனக் கருதுவோர் உளர். எளியோர் எழுதிய கடிதங்களும் வரலாறே என்பதற்கு, நார்வேயிலிருந்து அமெரிக்கா சென்று குடியேறியோர் தக்க சான்றாவர்.

1825ஆம் ஆண்டில் ஸ்டாவங்கர் துறைமுகத்தினின்று சிறிய பாய்க்கப்பல் ஒன்று 52 பேருடன் புறப்பட்டது. கடலிலே ஒரு மகவு பிறந்தமையால், 53 பேர் நியூயார்க்கை அடைந்தனர். அடுத்த நூறாண்டுகளில் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அவ்வாறு குடிபெயர்ந்தனர்.

அவர்கள் தாயகத்துக்கு விடுத்த மடல்கள் ‘அமெரிக்கக் கடிதங்கள்’ எனப்பட்டன. ஊரார் கூடியிருக்க அவை உரக்கப் படிக்கப்பெற்றன. படியெடுக்கப்பெற்று அண்டை ஊர்களுக்கும் சென்றன. நிலத்தின் விலை, கூலி, விளைச்சல், நோய், சாவு ஆகிய யாவும் அவற்றுள் இடம்பெற்றன. கப்பற் பதிவேடு ஒருவன் பெயரையும் அகவையையும் கூறும். அவன் ஏன் பிரிந்தான், எதற்கு ஏங்கினான் என்பவற்றைக் கடிதமே கூறும்.

இவ்வேடுகளுக்குத் தீயும் ஈரமும் பகையே. எனினும், மறதியே பெரும்பகை. பேரர் காலத்தில் வீட்டுமொழி ஆங்கிலமாயிற்று. பாட்டனார் எழுதிய பழைய கோதிக் எழுத்துகள் வெறுங்கோடுகளாகத் தோன்றின. விளங்காத தாளைக் குப்பையில் எறிதல் எளிதன்றோ? இவ்விடரை உணர்ந்த சான்றோர், 1925இல் நார்வே அமெரிக்க வரலாற்றுக் கழகத்தை நிறுவினர். புதின ஆசிரியர் ரோல்வாக் அதன் முதற் செயலாளர் ஆனார். மினசோட்டா மாநிலத்துச் செயிண்ட் ஓலாஃப் கல்லூரியில் அக்கழகம் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் தொகுத்துப் பேணி வருகிறது.

ஆயினும், கழகம் மட்டும் முயன்றால் போதாது. காகிதம் முதலில் இருப்பது வீட்டுப் பெட்டியிலேயே. அதனை எழுதியவர் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைக் குறித்து வைத்தல் வீட்டார் கடமை. இன்று விளங்காததை நாளை ஒருவர் படித்துரைக்கலாம். எரிந்து சாம்பலானதை எவர் படிப்பர்?