புது வீடு வாங்குகிறீர்களா?

"வீட்டைக் கட்டிப் பார்; கல்யாணம் பண்ணிப் பார்" என்பார்கள். இப்போதோ, கட்டிய வீட்டை வாங்குகிறவர்கள் பெருகிவிட்டார்கள். சேலத்திலும் நாமக்கல்லிலும் ஊருக்கு வெளியே போனால், "வீடு விற்பனைக்கு" என்ற பலகைகள் வரிசையாகத் தெரிகின்றன.

வாங்குவது யார்? தறி ஓட்டியவர், லாரி ஓட்டியவர், கோழிப் பண்ணையில் உழைத்தவர். இருபது வருஷச் சேமிப்பு, மனைவியின் நகை, பாங்கிக் கடன் எல்லாம் ஒரே நாளில் பத்திர ஆபீசில் கைமாறுகின்றன.

சொந்தமாகக் கட்டும்போது வீட்டுப் பெரியவர் ஒருவர் கயிற்றுக் கட்டில் போட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பார். செங்கல்லை எண்ணுவார். சுவருக்குத் தண்ணீர் விட்டார்களா என்று கேட்பார். வாங்குகிற வீட்டில் இதை யார் பார்த்தது? நம் கண்ணுக்குத் தெரிவது பெயிண்ட் மட்டுமே.

பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் வக்கீல் பார்த்துவிடுவார். ஆனால், மண்ணைப் பற்றி அவர் சொல்லமாட்டார். நம் வட்டாரத்தில் செம்மண் அதிகம். கெட்டியான செம்மண்ணில் கவலை குறைவு. இடையிடையே கரிசல் உண்டு. கரிசல் மழையில் உப்பும். வெயிலில் சுருங்கிப் பிளக்கும். அதன்மேல் ஆழமில்லாத அஸ்திவாரம் போட்டால் சுவரும் சேர்ந்து பிளக்கும்.

அதைவிட மோசம், பள்ளத்தில் மண் கொட்டி மேடாக்கிய மனை! பழைய கிணறு, குவாரிக் குழி, வாய்க்கால் எல்லாம் அடியில் மறைந்துவிடும். கொட்டிய மண் வருஷக்கணக்கில் அமுங்கும். வீட்டின் ஒரு மூலை இறங்கும். கதவு நிலையில் இடிக்கும்.

இதைக் கண்டுபிடிக்க வழி சுலபம். பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம், "இங்க முன்னால என்னங்க இருந்துச்சு?" என்று கேளுங்கள். தாலுகா ஆபீசில் புல வரைபடத்தைப் பாருங்கள். ஓடைப் புறம்போக்கு, ஏரிப் புறம்போக்கு என்று இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். மழை பெய்த மறுநாள் மனைக்குப் போங்கள். (தரகர் வெயில் நாளில்தான் கூப்பிடுவார்!) குமாரபாளையம், பள்ளிபாளையம் மக்களுக்கு இது நன்றாகத் தெரியும். 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் மேட்டூர் அணை நிரம்பி உபரி நீர் வந்தபோது, காவிரிக் கரையோர வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது.

சென்னையை அடுத்த மவுலிவாக்கத்தை மறக்க முடியுமா? 2014 ஜூன் 28-ந் தேதி, கட்டி முடிக்கும் தறுவாயில் இருந்த 11 மாடிக் கட்டிடம் சரிந்தது. 61 பேர் மாண்டார்கள். பக்கத்தில் நின்ற மற்றொரு 11 மாடிக் கட்டிடத்தை 2016 நவம்பர் 2-ந் தேதி வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதில் வீடு வாங்கப் பணம் கட்டியவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்!

இனி, கட்டிடம். பூச்சில் மயிரிழை போல விரிசல் இருந்தால் பயமில்லை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக, காசு நுழையும் அளவு விரிசல் ஓடினால் ஆபத்து. மொட்டை மாடியில் தண்ணீர் கட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். எம்-சாண்ட் என்று சொல்லி கிரஷர் தூளைக் கலப்பவர்களும் உண்டு. அந்தப் பூச்சு, ஆணியால் கீறினாலே உதிரும். கான்கிரீட்டுக்கு ஏழு நாளாவது தண்ணீர் விடவேண்டும். நம் ஊர் சித்திரை வெயிலில் ஏழு நாள் போதவே போதாது. அவசரமாகக் கட்டி விற்கிற இடத்தில் இந்தத் தண்ணீரில்தான் முதலில் கை வைக்கிறார்கள்.

"பாங்கியே கடன் கொடுக்கிறது, வீடு நன்றாகத்தான் இருக்கும்" என்று சிலர் எண்ணுகிறார்கள். பாங்கி முக்கியமாகப் பார்ப்பது பத்திரத்தையும் விலையையும்! விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு என்ஜினீயரை நீங்களே அழைத்துப் போங்கள்.

2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால், கட்டியவர் 30 நாளில் இலவசமாகச் சரி செய்ய வேண்டும். ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலமோ, எட்டுக்கு மேற்படாத வீடுகளோ ஆனால், அந்தச் சட்டப்படி பதிவு செய்யத் தேவையில்லை. நம் பக்கத்துத் தனி வீடுகளில் பல இந்த ரகம்தான். அப்படிப்பட்ட வீட்டுக்கு, "ஐந்து வருஷத்துக்குள் விரிசல் விட்டால் என் செலவில் சரி செய்வேன்" என்று கிரய ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். எழுத மறுக்கிறாரா? அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.