காணாமற்போன ஒருவரைத் தேடி

வலியுமில்லை, காய்ச்சலுமில்லை, ஆயினும் உயிரைக் குடிக்கவல்ல நோய் இரத்தக் கொதிப்பு. உடல் நன்றாகத்தானே இருக்கிறது என்றெண்ணி மாத்திரையை நிறுத்திவிடுவோர் பலர். பக்கவாதமோ மாரடைப்போ வந்த பின்னரே நாம் விழித்துக்கொள்கிறோம்.

2017-ஆம் ஆண்டு நவம்பரில் இந்தியாவில் இரத்தக் கொதிப்பைக் கட்டுப்படுத்தும் திட்டமொன்று தொடங்கிற்று. பஞ்சாப் முதலிய மாநிலங்களில் சிற்றூர்ச் செவிலியர் கைப்பேசியில் ‘சிம்பிள்’ என்னும் செயலியைக் கையாளலாயினர். நோயாளியின் அட்டையிலுள்ள குறியீட்டைக் கைப்பேசி படித்ததும், அவருடைய முந்தைய அளவுகளும் மருந்துகளும் திரையில் தோன்றும். அன்றைய அளவு 140/90-க்குக் கீழே இறங்கியதா என்பதும் உடனே விளங்கும். குறித்த நாளில் வராதவர்களின் பட்டியலையும் அது காட்டும். செவிலியர் அவர்களைத் தொலைபேசியில் அழைப்பார். இத்திட்டம் 2022-இல் ஐக்கிய நாடுகளின் விருதைப் பெற்றது.

அந்தப் பட்டியலே நம் நெஞ்சைத் தொடுகிறது. தடித்த பேரேட்டைப் புரட்டி, வராதவரைக் கண்டுபிடிக்க நேரமேது? வந்தவரைக் கவனிப்பதற்கே பொழுது போதாது. தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டு, காணாமற்போன ஒன்றைத் தேடிச் சென்ற ஆயனை நாம் அறிவோம். கருவி பெயரைத்தான் காட்டும். அழைப்பதோ மனிதக் குரல்.

நம் இல்லத்திலும் மாத்திரையை மறந்த தந்தையோ பாட்டியோ இருக்கலாம். இன்றிரவு குடும்பச் செபமாலை முடிந்ததும், “மாத்திரை சாப்பிட்டீர்களா?” என்று அன்போடு கேட்போம். அதுவும் ஆயனின் பணியே.