மணல் திரும்பியதும் செய்திதான்

காலையில் புதுவை சாரத்துத் தேநீர்க் கடையில் நாளிதழை எடுப்பவர் கொலை, ஊழல், வெளிநடப்பு, சாலைப் பள்ளம் என்று புரட்டிவிட்டு ஐந்து நிமிடத்தில் மடித்து வைக்கிறார். ஒன்றுகூடப் பொய்யில்லை. ஆனால் பள்ளம் விழுந்தது மட்டுமே அச்சேறி, அது எப்படி மூடப்பட்டது என்பது வராமலே போனால், எதைக் கேட்டும் பயனில்லை என்ற எண்ணம் ஊறிப்போகும். கேட்டால் நடக்கும் என்பதற்குச் சான்று காட்டுவதும் பத்திரிகையின் கடமை.

நம் கடற்கரையையே பாருங்கள். 1980களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காக அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் கற்சுவர்கள் எழுந்தன. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் அதை மறித்ததும் தெற்கே மணல் குவிந்தது. நகரின் கரை அரிக்கப்பட்டுக் கருங்கற்களே மிஞ்சின. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் காந்தி சிலையருகே மணலில் கால் பதிக்காமலே வளர்ந்தார்கள். காரணம் இன்னதென்று உள்ளூர் ஆர்வலர்கள் விடாமல் எடுத்துச் சொன்னார்கள். 2018இல் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகம் எதிரே ஆப்பு வடிவ இரும்புத் திட்டைக் கடலுக்குள் இறக்கியது. அலையின் வேகம் அதில் தணிந்தது. முகத்துவாரத்தில் தூர்வாரிய மணலும் கரையில் கொட்டப்பட்டது. மணற்பரப்பு மீண்டது. அதன் புகைப்படங்கள் நிறையவே வந்தன. எதனால் போயிற்று, எப்படி வந்தது என்ற கதைக்குத்தான் போதிய இடம் கிடைக்கவில்லை.

இப்படி எழுதினால் அரசுக்கு விளம்பரமாகிவிடாதா என்று கேட்பார்கள். நியாயமான அச்சம்தான். விளம்பரம் திறந்து வைத்தவரின் பெயரோடு நின்றுவிடும். செய்தியோ, வேலை நடந்த முறையையும், செலவையும், மிச்சமிருக்கும் பணியையும் சொல்லும். இதைவிடக் கனமான மறுப்பு நகருக்கு வடக்கே உள்ள பிள்ளைச்சாவடி, பொம்மையார்பாளையம் மீனவர்களுடையது. நகரத்துக்கு மணல் வந்தது, எங்கள் வீடுகளையோ கடல் தின்கிறது என்கிறார்கள். உண்மை. அதை மறைத்து எழுதும் நம்பிக்கை நமக்கு வேண்டாம். ஆனால் அரிப்பு விதியல்ல, மனிதர் கட்டிய சுவரின் விளைவு, அதைத் திருத்தும் வழியும் உண்டு என்று தெரிந்த மீனவர் நிவாரணத்தோடு திருப்தியடைய மாட்டார். தம் கரைக்கான திட்டத்தைக் கேட்பார்.

ஆகவே நகரக் கரையை மீட்ட அந்த முதல் திட்டத்தில் அதன் தென்பகுதிக்கென வகுத்த பணி எந்த நிலையில் இருக்கிறது, வடக்கே உள்ள குப்பங்களுக்கு என்ன ஏற்பாடு என்பதைப் புதுவை அரசும் தமிழக அரசும் கூட்டாக வெளியிட வேண்டும். மணற்பரப்பின் படத்துக்குத் தந்த அதே முதல் பக்க இடத்தை நாளிதழ்கள் அந்தப் பதிலுக்கும் தரட்டும்.