காலேஜுக்குத்தான் லீவு, அதிகாரத்துக்கு இல்லை

வடபழனியில் எங்கள் தெருமுனையில் பத்துக்குப் பத்து அறை ஒன்று இருக்கிறது. சுவரில் பாபாசாகேப் படம், ஒரு கரும்பலகை, நாலு பெஞ்சு. சாயங்காலம் பிள்ளைகள் வந்து படிக்கும். மே, ஜூன் வந்துவிட்டால் படிக்க வருகிறவர்களைவிட அப்ளிகேஷன் போட வருகிறவர்கள்தான் அதிகம். எந்தக் காலேஜ், என்ன கோர்ஸ், எந்தச் சான்றிதழ், கெடு எப்போது என்று கேட்டு வருவார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். தெரியாததை விசாரித்துச் சொல்வேன்.

போன வருஷம் ஜூன் கடைசியில் ஒரு அம்மா தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அம்மாவுக்கு அபார்ட்மெண்டில் நாலு வீட்டு வேலை. மகள் பி.காம். இரண்டாம் வருஷம் போகிறவள். அந்த வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். ஸ்காலர்ஷிப்புக்குப் புதிய வருமானச் சான்றிதழ் தர வேண்டும் என்று காலேஜில் மே மாதம் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். பத்து நாள் கெடு. அது முடிந்து மூன்று வாரம் ஆகிவிட்டது.

"ஏம்மா, உனக்குத் தெரியலையா?" என்று கேட்டேன்.

"குரூப்புல வந்துச்சாம்ணா. நான் தி.நகர்ல துணிக்கடையில நின்னுக்கிட்டிருந்தேன். உள்ள போகும்போதே போனை வாங்கி வச்சுக்குவாங்க. ராத்திரி பத்து மணிக்கு வந்து படுத்தா, நூத்தம்பது மெசேஜ் கெடக்கும். எதைன்னு பாக்கறது?"

அம்மா குறுக்கே பேசினார்: "ஆபீஸ்ல கேட்டா, சர்க்குலர் போட்டாச்சு, பாக்காதது உங்க தப்புங்கறாங்க தம்பி. நாங்க யாரைப் போயி கேக்கறது?"

அந்த வருஷத்துப் பணம் போனது போனதுதான். அம்மா வட்டிக்கு வாங்கிக் கட்டினார். அந்தப் பெண் படிப்பை விடவில்லை. ஆனால் சனி, ஞாயிறு இன்றைக்கும் துணிக்கடையில் நிற்கிறாள்.

இந்த ஸ்காலர்ஷிப் யாரும் போட்ட பிச்சை இல்லை. மெட்ரிக்குக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகை 1944இல் தொடங்கியது. அப்போது வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் பாபாசாகேப் உறுப்பினர். வெள்ளைக்காரன் அரசோடு வாதாடி வாங்கித் தந்தது, எண்பது வருஷம் கழித்து, ஆள் இல்லாத வராந்தாவில் ஒட்டிய ஒரு தாளால் ஒரு பெண்ணுக்கு இல்லாமல் போகிறது.

கோடை விடுமுறை எல்லோருக்கும் பொது என்று நினைக்கிறோம். கிடையாது. வசதி உள்ள வீட்டுப் பிள்ளைக்கு அது ஊட்டி, கொடைக்கானல், கம்ப்யூட்டர் வகுப்பு. நம்ம பிள்ளைகளுக்கு துணிக்கடை, கல்யாண மண்டபம், சித்தாள் வேலை. ஹாஸ்டலைப் பூட்டிவிடுகிறார்கள். மெஸ் இல்லை, லைப்ரரி இல்லை, விவரம் சொல்ல சீனியர் இல்லை. ஆனால் ஆபீஸ் மட்டும் திறந்திருக்கிறது. அங்கிருந்து நோட்டீஸ் வந்துகொண்டே இருக்கிறது. கட்டணம், கெடு, விடுதி ஒதுக்கீடு, நடவடிக்கை எல்லாம் மே, ஜூனில்தான். கேள்வி கேட்கக் கூட்டம் சேராத மாதங்கள் அவை.

இது ஏதோ ஒரு காலேஜ் குமாஸ்தாவின் சோம்பல் என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். நாட்டிலேயே பெரிய படிப்பு என்று சொல்லப்படுகிற இடத்திலும் இதே மாதத்தில்தான் கை வைத்தார்கள். வடபழனியிலிருந்து ஒரு பஸ் பிடித்தால் அடையாறு பக்கம் சர்தார் பட்டேல் சாலையில் சென்னை ஐ.ஐ.டி. வாசலில் இறங்கலாம். அந்த வாசலுக்கு உள்ளே 2014 ஏப்ரல் 14 அன்று சில மாணவர்கள் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்தைத் தொடங்கினார்கள். அந்தப் பெயரே நிர்வாகத்துக்கு உறுத்தியது. பெயரை மாற்றச் சொல்லி நெருக்கினார்கள் என்று மாணவர்கள் அப்போதே வெளிப்படையாகச் சொன்னார்கள். அதே வளாகத்தில் விவேகானந்தர் பெயரில் ஒரு வாசகர் வட்டம் எந்தத் தொந்தரவும் இல்லாமல் நடந்துகொண்டிருந்தது.

மறு வருஷம் 2015 ஏப்ரல் 14 அன்று அம்பேத்கர் இன்று நமக்கு ஏன் தேவை என்று ஒரு கூட்டம் போட்டார்கள். ஒரு துண்டறிக்கையும் கொடுத்தார்கள். மோடி அரசின் கொள்கைகளை அதில் விமர்சித்திருந்தார்கள். பிரதமருக்கு எதிராகவும் இந்துக்களுக்கு எதிராகவும் வெறுப்பைப் பரப்புகிறார்கள் என்று மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகத்துக்கு யாரோ ஒரு கடிதம் போட்டார்கள். அதில் எழுதியவர் பெயர் இல்லை. அமைச்சகம் அந்த மொட்டைக் கடிதத்தைக் குப்பையில் போடாமல் ஐ.ஐ.டி.க்கு அனுப்பிக் கருத்துக் கேட்டது. மே 22 அன்று மாணவர் விவகார டீனிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. கொடுத்த சலுகைகளைத் தவறாகப் பயன்படுத்தியதால் வட்டத்தின் அங்கீகாரம் ரத்து என்று. எங்களை அழைத்து ஒரு வார்த்தை விளக்கம் கேட்கவில்லை என்றார்கள் மாணவர்கள்.

தேதியைப் பாருங்கள், மே 22. வகுப்பு இல்லை. முக்கால்வாசிப் பேர் ஊரில் இருக்கிறார்கள். வாசிக்கவும் விவாதிக்கவும் கூடின ஒரு கூட்டத்தை, கூட முடியாத நேரம் பார்த்துக் கலைக்கிறார்கள். திட்டமிட்டுத்தான் விடுமுறையைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நிரூபிக்க என்னிடம் காகிதம் இல்லை. ஆனால் விடுமுறை யாருக்குச் சாதகமாக இருந்தது என்பதைச் சொல்லக் காகிதம் தேவையில்லை.

அந்தக் கணக்கு பலிக்கவில்லை. உள்ளே ஆள் குறைவு என்றதும் வெளியே இருந்தவர்கள் வந்தார்கள். சர்தார் பட்டேல் சாலையில் பல அமைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்று கைதாயின. டெல்லியிலும் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். தேசிய ஷெட்யூல்டு சாதிகள் ஆணையம் ஐ.ஐ.டி.க்கு நோட்டீஸ் அனுப்பியது. ஜூன் 7 அன்று அங்கீகாரத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். மொத்தம் பதினாறு நாள். காலேஜ் மூடிக் கிடந்த காலத்தில் கிடைத்த வெற்றி இது.

எல்லா இடத்திலும் இப்படி நடக்கவில்லை. அதே 2015 கடைசியில் ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம் ஐந்து தலித் ஆய்வு மாணவர்களை ஹாஸ்டலை விட்டு வெளியேற்றியது. அவர்கள் வளாகத்திலேயே வெட்டவெளியில் படுத்தார்கள். அந்த இடத்துக்கு வெலிவாடா என்று பெயர் வைத்தார்கள். நம்ம பாஷையில் சேரி. அவர்களில் ஒருவர் ரோகித் வேமுலா. அவருக்கு ஏழு மாச உதவித்தொகை பாக்கி. 2016 ஜனவரி 17 அன்று நாம் அவரை இழந்தோம். நம்ம பிள்ளைகளுக்கு ஹாஸ்டலும் உதவித்தொகையும்தான் யுனிவர்சிட்டி. அவை இரண்டையும் ஒரு தாளால் பறித்துவிட முடியும் என்பதால்தான் தாளைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன்.

நிர்வாகங்களிடம் நாம் கேட்க வேண்டியது மூன்று. மாணவர் மீதோ மாணவர் அமைப்பு மீதோ நடவடிக்கை என்றால் வகுப்பு திறந்த பிறகு, நேரில் அழைத்து, விளக்கம் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். விடுமுறையில் முடிகிற எந்தக் கெடுவும் காலேஜ் திறந்து பதினைந்து நாள் வரை செல்ல வேண்டும். உதவித்தொகை சம்பந்தப்பட்ட அறிவிப்பு தமிழில், வீட்டு விலாசத்துக்குத் தபாலில் வர வேண்டும். இதெல்லாம் புரட்சி இல்லை. ஒரு தபால் செலவுதான்.

இனி நம் பக்கத்தையும் பேசிவிடுவோம். ஏப்ரல் 14க்குத் தெருவெல்லாம் கொடி கட்டுகிறோம். ஆளுயர பேனர், மைக் செட், மாலை, ஊர்வலம். மறுநாள் கொடியை மடித்துப் பரணில் போட்டுவிட்டு டிசம்பர் 6க்குத்தான் திரும்ப எடுக்கிறோம். நடுவில் வருகிற மே, ஜூனில்தான் நம்ம பிள்ளைகளின் மூன்று வருஷம், நாலு வருஷம் தீர்மானமாகிறது. பேனரில் தன் படம் சின்னதாகப் போய்விட்டது என்று சண்டை போடுகிற தோழர், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வருமானச் சான்றிதழ் எடுக்க இ-சேவை மையத்துக்குக் கூடப் போனதுண்டா? என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். அந்தப் பெண் எங்கள் அறைக்கு மூன்று தெரு தள்ளி இருக்கிறாள். மே மாதம் நான் ஏன் போய்க் கேட்கவில்லை?

1907 ஜூனில் அயோத்திதாசப் பண்டிதர் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகையைத் தொடங்கினார். நம் சனங்களுக்குத் தெரிய வேண்டியதை நாமே எழுதி நாமே அச்சடிப்போம் என்று வாரா வாரம் செய்து காட்டினார். அவருக்கு அச்சகம் வேண்டியிருந்தது. நமக்கு ஒரு கரும்பலகை போதும்.

இந்த வருஷம் எங்கள் கரும்பலகையை உள்ளேயிருந்து எடுத்து டீக்கடைக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டோம். தெருவில் காலேஜ் போகிற பிள்ளைகள் பதினோரு பேர். யார் எந்தக் காலேஜ், என்ன கெடு என்று சாக்பீஸில் எழுதிவைக்கிறோம். வேலை முடிந்து ராத்திரி வருகிற பிள்ளை நின்று பார்த்துவிட்டுப் போகிறது. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாக்கள் டீ குடிக்கிறவர்களிடம், "எங்க புள்ள பேரு வந்திருக்கா பாருப்பா" என்று கேட்கிறார்கள். நோட்டீஸ் படிக்க ஒரு தெருவே சேர்ந்துவிட்டது. உங்கள் தெருவில் அடுத்த மே மாதத்துக்கு ஒரு பலகை மாட்டுங்கள் தோழர்களே. ஏப்ரல் 14 அன்று மாலை போட்டு முடித்த கையோடு மாட்டுங்கள்.